அமெரிக்கா வர்ற அப்பாவுக்கு மெடிக்கல் கஞ்சா கார்டு எடுக்கலாமா?

கேள்வி – 2024 ஏப்ரல் 7

நான் ஃபீனிக்ஸ்ல ஹெச்-1பி வேலை விசாவில இருக்கேன். அப்பாவுக்கு 68 வயசு, போன வருஷம் கீமோ முடிஞ்சுது. சாப்பாடு இறங்க மாட்டேங்குது, ராத்திரி தூக்கமும் இல்லை. ஜூன்ல அம்மாவோட பி-2 டூரிஸ்ட் விசாவில வர்றார். கிராண்ட் கேன்யன், ஸயன், வேகாஸ்னு கார்ல ஒரு சுத்து போகலாம்னு இருக்கோம். மச்சான் சொல்றார்: "மெடிக்கல் கஞ்சா கார்டு ஒண்ணு எடுத்துடு. ஒரு ஸ்டேட் கார்டு எல்லா ஸ்டேட்டிலயும் செல்லும். டாக்டர் கொடுத்த மருந்துன்னு காட்டினா எவனும் கேள்வி கேட்க மாட்டான்." உண்மையா? எந்த ஸ்டேட்ல எடுக்கறது சுலபம்?

ஏப்ரல் 7, ராத்திரி

மச்சான் நல்ல மனசோட சொல்லியிருக்கார். சொன்ன மூணுமே தப்பு.

அந்த "டாக்டர் கொடுத்த மருந்து" கதையை முதல்ல விடுங்க. அமெரிக்காவில எந்த டாக்டரும் கஞ்சாவுக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. 1970-ல வந்த ஃபெடரல் (மத்திய அரசு) சட்டத்தில கஞ்சா முதல் பட்டியல்ல இருக்கு, ஹெராயினுக்குப் பக்கத்தில. அந்தப் பட்டியல்ல இருந்தாலே மருத்துவப் பயன் கிடையாதுன்னு அரசாங்கம் முத்திரை குத்தியாச்சுன்னு அர்த்தம். அதனால டாக்டர் தர்றது "இவருக்கு இது உதவலாம்"னு ஒரு பரிந்துரைதான். அதைப் பார்த்து ஸ்டேட் கார்டு கொடுக்குது. ஸ்டேட் போலீஸ் அந்தக் கார்டை மதிப்பான். ஃபெடரல் ஆபீசருக்கு அது வெறும் பிளாஸ்டிக்.

இன்னொண்ணு, கார்டு அந்தந்த ஸ்டேட்ல குடியிருக்கறவங்களுக்கு. உங்கப்பா மாம்பலத்துலேர்ந்தோ மதுரையிலேர்ந்தோ வர்றவர். அவருக்கு இங்கே சொந்த ஸ்டேட்னு ஒண்ணு இல்லை.

ஏப்ரல் 8

"வேகாஸ் இருக்கற நெவாடா வெளியூர்க் கார்டை ஏத்துக்குதே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ஏத்துக்குது. வெளியூர்னு அவங்க சொல்றது கலிஃபோர்னியாவையும் மிச்சிகனையும். சென்னை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோய் நீட்டினா கடைக்காரப் பையன் மரியாதையாப் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுப்பான்.

மத்த ஸ்டேட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஹவாய் வெளி ஸ்டேட் நோயாளிக்கு 60 நாள் கார்டு தருது, முன்கூட்டியே ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும். ஒக்லஹோமா, ஆர்கன்சா ரெண்டும் தற்காலிகமா ஒண்ணு தருது. யூட்டா 21 நாளைக்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவை. எல்லாத்துக்கும் அடிப்படை வேற ஒரு ஸ்டேட்ல ஏற்கனவே கார்டு இருக்கறது. ஃப்ளோரிடா அதையும் ஒத்துக்காது. அங்கேயே குடியிருக்கணும், இல்லைன்னா குளிருக்குப் பயந்து வந்து மாசக்கணக்கில தங்கற கூட்டத்தில ஒருத்தரா இருக்கணும்.

விதிவிலக்கு வாஷிங்டன் டி.சி. 21 வயசு தாண்டின வெளியூர்க்காரங்க "எனக்கு மருத்துவத் தேவை இருக்கு"ன்னு தாங்களே சான்று சொல்லி 30 நாள் கார்டு வாங்கிக்கலாம். டாக்டர் வேண்டாம். வேடிக்கை என்னன்னா, அதே ஊர்ல சுத்திப் பார்க்க வர்றவங்க நடக்கற நேஷனல் மால் முழுக்க ஃபெடரல் நிலம். கார்டு கொடுத்த ஊர்லயே கார்டு செல்லாத புல்வெளி.

உங்க ஃபீனிக்ஸ் இருக்கற அரிசோனாவுக்கு வர்றேன். 2021 ஜனவரிலேர்ந்து 21 வயசுக்கு மேல யார் வேணும்னாலும் அங்கே கடையில வாங்கலாம். வயசைக் காட்ட பாஸ்போர்ட் போதும். ஒரு அவுன்ஸ் வரைக்கும், அதில எண்ணெய் வகை 5 கிராமுக்குள்ள. கார்டு இருந்தா மிச்சமாகறது 16 சதவீத வரி, கூடவே கொஞ்சம் பெரிய அளவு.

ஏப்ரல் 8, பிற்பகல்

"அப்போ கார்டே வேண்டாம், நேரா கடைக்குப் போயிடறோம்"னு கிளம்பிடாதீங்க. முக்கியமானதை இன்னும் எழுதவே இல்லை. ஆபீஸ்ல மீட்டிங். நாளைக்கு.

ஏப்ரல் 9

விசாவில வர்றவங்களுக்கு ஸ்டேட் சட்டம் பாதிக்குப் பாதிதான். மீதிப் பாதி குடியேற்றச் சட்டம். அது சுத்தமா ஃபெடரல்.

குடியேற்றச் சட்டம் போதைப்பொருள் குற்றத்துக்குத் தண்டனை வாங்கினவரை உள்ளே விடாது. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த வரி: தண்டனை இல்லாம, வழக்கே இல்லாம, செஞ்சதா ஒத்துக்கிட்டாலும் அதே கதி வரலாம். அடுத்த தடவை வரும்போது ஏர்போர்ட்ல ஆபீசர் சாதாரணமாக் கேட்பார், "போன தடவை எங்கெல்லாம் போனீங்க, வேகாஸ்ல என்ன பண்ணீங்க?" அப்பா வெள்ளந்தியா "கால்வலிக்கு அந்த மிட்டாய் ஒண்ணு சாப்பிட்டேன் சார், அங்கே சட்டப்படி சரியாம்"னு சொல்வார். நெவாடாவில சரி. ஆபீசர் கையில இருக்கற புத்தகத்தில இல்லை. நம்ம ஊர்ப் பெரியவங்க சீருடையைப் பார்த்தா கேட்காததையும் சேர்த்துச் சொல்ற ஜாதி.

பொய் சொல்லச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. பொய் இன்னும் மோசம், அது தனிக் காரணமாவே வாழ்நாள் தடை ஆகும். டிஎஸ்-160 விசா விண்ணப்ப ஃபாரத்தில போதைப்பொருள் சட்டத்தை எப்பவாவது மீறியிருக்கீங்களான்னு நேரடியாவே ஒரு கேள்வி இருக்கு. சாப்பிடாதவருக்கு அதுக்குப் பதில் சுலபம், அவ்வளவுதான். ஃபோனையும் திறந்து பார்க்க அவங்களுக்கு அதிகாரம் உண்டு. டிஸ்பென்சரி (கஞ்சாக் கடை) வாசல்ல சிரிச்சுக்கிட்டு எடுத்த ஃபோட்டோ குடும்ப வாட்ஸ்அப்ல இருந்தா ஃபோன்லயும் இருக்கும்.

நாளைக்கு நீங்க சிட்டிசன் ஆகி அப்பாவுக்கு கிரீன் கார்டு போடறதா இருந்தா மெடிக்கல் பரிசோதனை வரும். அங்கேயும் டாக்டர் கேட்பார்.

ஏப்ரல் 10

கேட்டவர் தன்னைப் பத்திக் கேட்கலை, நான் சொல்றேன். ஹெச்-1பி-யில இருக்கற உங்களுக்கு ஆபத்து அப்பாவை விட அதிகம். 2019 ஏப்ரல்ல குடியேற்றத் துறை கொள்கைக் குறிப்பு ஒண்ணு விட்டுது: ஸ்டேட்ல அனுமதி இருந்தாலும் கஞ்சா சம்பந்தப்பட்ட செயல் குடியுரிமைக்கான நன்னடத்தையைப் பாதிக்கலாம். அந்தத் தொழில்ல வேலை பார்க்கறதும் அதில சேர்த்தி.

நான் டென்வர்ல இருந்தப்போ டிஸ்பென்சரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதற கம்பெனி ஒண்ணு கூப்பிட்டுச்சு. நல்ல சம்பளம், வீட்டுக்குப் பக்கம். நான் தொடப்போறது ஜாவாவும் டேட்டாபேஸும்தான், இலையைக் கண்ணால கூடப் பார்க்க வேண்டியதில்லை. வக்கீல்கிட்ட கேட்டேன். "கிரீன் கார்டு வரிசையில நிக்கறவங்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்"னார். விட்டுட்டேன். அந்த இடத்தில அமெரிக்கப் பையன் ஒருத்தன் சேர்ந்து இப்ப டைரக்டர் ஆயிட்டான். வருத்தம் இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா?

கிரீன் கார்டு இருக்கறவங்களும் நிம்மதியா இருக்க வேண்டாம். நாட்டை விட்டு அனுப்பற பிரிவில, சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை ஒரே ஒரு தடவைன்னா விலக்கு இருக்கு. உள்ளே விடற பிரிவில அந்த விலக்கு கிடையாது, மன்னிப்பு மனு போடணும். இங்கேயே இருக்கற வரை பிழைச்சவர், தங்கச்சி கல்யாணத்துக்குத் திருச்சி போயிட்டுத் திரும்பும்போது ஏர்போர்ட்ல மாட்டுவார்.

ஏப்ரல் 11

"என் ஃப்ரெண்டு எல்.ஏ. ஏர்போர்ட்ல போலீஸ் எதிர்லயே எடுத்துட்டுப் போனான், ஒண்ணும் சொல்லலை"ன்னு எழுதினவருக்கு: சொல்ல மாட்டாங்க. அந்த ஏர்போர்ட் போலீஸ் கலிஃபோர்னியா சட்டத்தைப் பார்க்கறவங்க, 28.5 கிராம் வரை அவங்களுக்குப் பிரச்சினை இல்லைன்னு அவங்களே அறிவிச்சிருக்காங்க. ஏர்போர்ட்ல பையைச் சோதிக்கற டிஎஸ்ஏ-வும் கஞ்சாவைத் தேடறதில்லை. தேடறது கத்தியும் குண்டும். தற்செயலாக் கண்ணில பட்டா உள்ளூர் போலீஸைக் கூப்பிடுவாங்க. ஆனா விமானம் கிளம்பினதும் அது ஸ்டேட் விட்டு ஸ்டேட் கடத்தல். இறங்கற ஊர்ச் சட்டமும் சேர்ந்துக்கும்.

அந்த ஃப்ரெண்டு ஹூஸ்டன்ல இறங்கியிருந்தா? டெக்சாஸ்ல கொஞ்சம் இலை வெச்சிருந்தா சின்னக் குற்றம். வேப் பேனாவில (ஆவியாக்கி இழுக்கற கருவி) இருக்கற எண்ணெய் ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலும் ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், 180 நாள்லேர்ந்து 2 வருஷம் வரை உள்ளே. வாசனை வராது, பாக்கெட்ல பேனா மாதிரி இருக்குன்னு எல்லாரும் அதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க.

வேகாஸ் ஏர்போர்ட்ல 2018-லேர்ந்து பச்சைப் பெட்டி வெச்சிருக்காங்க, நம்ம கோயில் உண்டியல் மாதிரி. மிச்சத்தைப் போட்டுட்டுப் போயிடலாம், பேர் கேட்க மாட்டாங்க. வேண்டுதல் எதுவும் பலிக்காது.

ஏப்ரல் 14, புத்தாண்டு

பாயசம் சாப்பிட்டுட்டு உங்க ரூட்டை மேப்ல போட்டுப் பார்த்தேன். சுவாரசியமான ரூட்.

ஃபீனிக்ஸ்லேர்ந்து கிளம்பும்போது அரிசோனா சட்டம். இத்தனைக்கும் 2020 தேர்தல் வரைக்கும் இதே அரிசோனாவில கார்டு இல்லாம ஒரு சிட்டிகை வெச்சிருந்தாலும் ஃபெலனி போட முடியும். கிராண்ட் கேன்யன் வாசல் தாண்டினா ஃபெடரல். பார்க் ரேஞ்சர் பிடிச்சா கேஸ் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகும். முதல் தடவையே ஒரு வருஷம் வரை சிறை, குறைஞ்சது 1,000 டாலர் அபராதம்னு சட்டத்தில எழுதியிருக்கு. ஆண்டலோப் கேன்யனுக்காக பேஜ் பக்கம் திரும்பினா நவஹோ நிலம். அவங்களுக்குத் தனிச் சட்டம், தனி போலீஸ், அங்கேயும் அனுமதி இல்லை. ஸயன் யூட்டாவில இருக்கு, அதுவும் தேசியப் பூங்கா. யூட்டாவில கார்டு இருக்கறவங்களே புகைக்கக் கூடாது. அவங்க திட்டத்தில மாத்திரை, எண்ணெய், ஆவி மாதிரி வகைகளுக்குத்தான் இடம். அங்கேர்ந்து வேகாஸ். வேகாஸ்ல வாங்கலாம், தெருவில புகைச்சா 600 டாலர் அபராதம், ஹோட்டல் ரூம்ல ஹோட்டல்காரனே அபராதம் போடுவான், கேசினோவுக்குள்ள லைசென்ஸ் பயத்தில விடவே மாட்டாங்க. அனுமதி வாங்கின லவுஞ்ச் இப்பத்தான் திறக்க ஆரம்பிச்சிருக்கு. திரும்பி வரும்போது ஹூவர் அணை. அதுவும் ஃபெடரல்.

ஒரே பொட்டலம் கார் டிக்கியில அசையாம உட்கார்ந்திருக்கும், அது குற்றமா இல்லையாங்கறது மட்டும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மாறும். வண்டி ஓட்டறவர் சாப்பிட்டிருந்தா அதைப் பத்திப் பேசவே வேண்டாம். மூணு ஸ்டேட்லயும் அது குற்றம்.

ஏப்ரல் 16

ஒருத்தர் கோபமா எழுதியிருக்கார்: "ஸ்டேட் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டத்துக்கு மதிப்பே இல்லையா?" இதைக் கலிஃபோர்னியாக்காரங்க சுப்ரீம் கோர்ட்லயே கேட்டாச்சு. 1996-ல முதன்முதலா மருத்துவக் கஞ்சாவை அனுமதிச்ச ஸ்டேட் அது. 2002-ல டயான் மான்சன்ங்கற பெண்மணி வீட்டில வளர்த்த ஆறு செடியை ஃபெடரல் ஆளுங்க வந்து அழிச்சாங்க. அந்த அம்மாவும் ஏஞ்சல் ரைச்சுங்கற நோயாளியும் வழக்குப் போட்டாங்க. விக்கலை, வாங்கலை, ஸ்டேட் எல்லையைத் தாண்டலை, டாக்டர் சொல்லி வளர்த்தோம்னு வாதம். 2005-ல 6-3-ன்னு தோத்துட்டாங்க. 2014-லேர்ந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பட்ஜெட்ல ஒரு வரி சேர்த்து, ஸ்டேட் மருத்துவத் திட்டங்களைத் தடுக்க நீதித் துறை காசு செலவழிக்கக் கூடாதுன்னு கையைக் கட்டி வெச்சிருக்கு. அந்தக் கட்டு நீதித் துறைக்கு. விசா பார்க்கறது வேற துறை.

ஏப்ரல் 20

இன்னிக்கு 4/20, கஞ்சாப் பிரியர்கள் கொண்டாடற நாள். டென்வர் சிவிக் சென்டர் பார்க்ல திருவிழாக் கூட்டமா இருக்கும். அந்த ஊர் ஞாபகத்தில ஒண்ணு சொல்லணும், கார்டுக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லாதது.

மாமனார் மாமியார் வந்திருந்தப்போ கொலராடோ மலையில வாடகை வீடு எடுத்துத் தங்கினோம். முன்னாடி தங்கினவங்க ஃப்ரிட்ஜ்ல பாதி சாக்லேட் பட்டையை விட்டுட்டுப் போயிருக்காங்க. மாமாவுக்கு சுகர், அத்தை கண்ணில படாம இனிப்பு தேடறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ரெண்டு கட்டம் உடைச்சு வாயில போட்டிருக்கார். ஒண்ணும் ஆகலை. அரை மணி கழிச்சு இன்னொரு கட்டம். சாயங்காலம் சோபாவில உட்கார்ந்துக்கிட்டு, "மாப்ளே, இந்த ஃபேன் ஏன் என்னையே பாக்குது?"ன்னார். அந்த வீட்டில ஃபேனே கிடையாது.

சிரிக்கலாம், அன்னிக்கு நாங்க சிரிக்கலை. நெஞ்சு படபடப்பு, எழுந்தா கால் தள்ளாட்டம், வாய் உலர்ந்து போச்சு. குப்பையில உறையைத் தேடி எடுத்தா, வைர வடிவத்துக்குள்ள ஆச்சரியக்குறியும் டிஹெச்சின்னும் (கஞ்சாவில போதை தர்ற பொருள்) போட்டிருக்கு. கொலராடோவில எல்லா கஞ்சாத் தின்பண்டத்திலயும் அந்தக் குறி இருக்கும். ஒரு கட்டம் 10 மில்லிகிராம். மூணு தின்னிருக்கார். விஷ முறிவு உதவி நம்பருக்குப் ஃபோன் பண்ணினோம். ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். காலையில பசின்னு எழுந்து மூணு தோசை சாப்பிட்டார்.

வயித்து வழியாப் போறது வேலை காட்ட அரை மணிலேர்ந்து ரெண்டு மணி நேரம் ஆகும். ஒண்ணும் ஆகலையேன்னு அடுத்ததை எடுக்கறதுலதான் பாதிப் பேர் மாட்டறாங்க. வாடகை வீட்டுக்குப் போனா முதல்ல ஃப்ரிட்ஜைக் காலி பண்ணுங்க.

மே 1

"கஞ்சாவை முதல் பட்டியல்லேர்ந்து மூணாம் பட்டியலுக்கு மாத்தப் போறாங்களாம், இனி கவலை இல்லை"ன்னு நேத்து ராத்திரிலேர்ந்து வரிசையா மெசேஜ். மாத்தறதா முன்மொழியப் போறாங்கன்னு செய்தி. முன்மொழிவு, கருத்துக் கேட்பு, விசாரணைன்னு நீளமா இருக்கு. மாத்தினாலும் மூணாம் பட்டியலும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் பட்டியல்தான். குடியேற்றச் சட்டம் எண் பார்க்காது, பட்டியல்ல பேர் இருக்கான்னுதான் பார்க்கும். கஞ்சாக் கம்பெனிகளுக்கு வரி குறையும். உங்கப்பாவுக்கு ஒண்ணும் மாறாது.

மே 18

நியூ மெக்சிகோ பத்திக் கேட்டவருக்கு. 2022 ஏப்ரல்லேர்ந்து அங்கே கடை திறந்தாச்சு, டெக்சாஸ் எல் பாசோக்காரங்க ஸ்டேட் எல்லை தாண்டி சன்லேண்ட் பார்க் போய் வரிசையில நிக்கறாங்க. அந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகள்ல பார்டர் பட்ரோல் சாவடி இருக்கு, நாட்டுக்கு உள்ளேயே. வைட் ஸாண்ட்ஸ் பார்த்துட்டு லாஸ் க்ரூஸஸ் திரும்பற 70-ம் நம்பர் ரோட்ல நாங்களும் நின்னோம். "எல்லாரும் சிட்டிசனா?"ன்னு கேள்வி, இல்லைன்னதும் பாஸ்போர்ட் பார்த்தாங்க, நாய் வண்டியை ஒரு சுத்து சுத்திச்சு, ரெண்டு நிமிஷத்தில விட்டுட்டாங்க. அம்மா நாயைப் பார்த்து "நல்லா வளர்த்திருக்காங்க"ன்னா. இந்த வருஷம் அந்தச் சாவடிகள்ல லைசென்ஸ் வாங்கின கஞ்சாக் கம்பெனிகளோட சரக்கையே பறிமுதல் பண்றாங்க. ஸ்டேட் லைசென்ஸோட, ஸ்டேட்டுக்குள்ளேயே போற வண்டி. டூரிஸ்ட் எந்த மூலை?

ஜூன் 2

கேட்டவர் தனியா எழுதியிருந்தார். அப்பா வந்துட்டாராம். "நீங்க பயமுறுத்தினதில ஒண்ணும் வாங்கலை, அவர் தட்டை அப்படியே தள்ளி வெக்கிறார், பார்க்க முடியலை"ன்னு.

இதைப் படிச்சப்புறம் ரெண்டு நாளா மனசு சரியில்லை. சட்டத்தை மட்டும் அடுக்கிக்கிட்டே போனேன், அந்த மனுஷனுக்குப் பசி வரணும்ங்கறது நடுவில காணாமப் போச்சு. சொல்லியிருக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ட்ரொனாபினால்னு ஒரு கேப்ஸ்யூல். டிஹெச்சி-யையே ரசாயனமாச் செஞ்சது. மருந்துகளுக்கு அனுமதி தர்ற எஃப்டிஏ 1985-லேயே கீமோ வாந்திக்கு அனுமதிச்சுது, 1992-ல எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் பசி வரவும். அது மூணாம் பட்டியல் மருந்து, டாக்டர் சீட்டு எழுதி மெடிக்கல் ஷாப்ல வாங்கலாம், ஃபெடரல் சட்டப்படியே சரி. அப்பாவுக்குப் பொருந்துமான்னு டாக்டர்தான் சொல்லணும். வயசானவங்களுக்குத் தலைசுத்தல், பிரஷர் இறங்கி விழறது, குழப்பம் எல்லாம் இதிலயும் வரும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாதிரி ஏதாவது சாப்பிடறாரான்னு கட்டாயம் சொல்லுங்க. சென்னையில பார்த்த டாக்டர்கிட்ட வீடியோவில பேசிட்டு, இங்கே ஒருத்தரை நேர்ல பாருங்க. ட்ரொனாபினால் தவிரவும் பசிக்கும் வாந்திக்கும் மருந்து இருக்கு.

கஞ்சாவே கூடாதுங்கற கட்சி நான் இல்லை. அப்பா அமெரிக்கக் குடிமகனா இருந்திருந்தா நானே அரிசோனாவில கார்டு எடுங்கன்னு சொல்லியிருப்பேன்.

ஜூன் 23

பெட்ரோல் பங்க்ல விக்கற சிபிடி (அதே செடியில இருக்கற, போதை தராத பொருள்) மிட்டாய் பத்தி நாலு பேர் கேட்டாச்சு. 2018 விவசாயச் சட்டப்படி டிஹெச்சி 0.3 சதவீதத்துக்குள்ள இருந்தா அது ஹெம்ப், ஃபெடரல்லயும் கஞ்சா இல்லை. சட்டம் அவ்வளவு சுத்தம். பாக்கெட்ல எழுதினதும் உள்ளே இருக்கறதும் ஒண்ணாங்கறதுதான் கேள்வி. பங்க்ல டெல்டா-8-ன்னு போட்டு விக்கறது போதை தர்ற சரக்கு. நான் வாங்க மாட்டேன்.

நவம்பர் 6

தேர்தல் முடிவு. நெப்ராஸ்கா மருத்துவத்துக்கு ஓட்டுப் போட்டுடுச்சு. ரெண்டு டகோட்டாவும் பொது விற்பனை வேண்டாம்னுடுச்சு. ஃப்ளோரிடாவில 56 சதவீதம் பேர் வேணும்னாங்க, அங்கே 60 வேணும், அதனால தோல்வி. டிஸ்னி வேர்ல்ட் போறவங்களுக்கு நான் ஏப்ரல்ல எழுதினதே நிக்குது.

நவம்பர் 10

கடைசியா வந்த கேள்வி: "திரும்பிப் போகும்போது சிங்கப்பூர் வழியா ஃப்ளைட். பிரிக்காத கஞ்சா மிட்டாய் பாக்கெட் ஒண்ணு இருக்கு, பெரிய பெட்டியில போட்டா தெரியாதில்ல?"

ஐயா, சிங்கப்பூர்ல 500 கிராமுக்கு மேல கஞ்சா கடத்தினா தூக்கு. ஒரு பாக்கெட்டுக்குத் தூக்கு இல்லை, ஜெயில் உண்டு. சிங்கப்பூர் சிட்டிசனும் பிஆர்-உம் வெளிநாட்டில சாப்பிட்டுட்டு வந்தாலே அங்கே குற்றம், சிறுநீர் சோதனை பண்ணுவாங்க. உங்க கூட அந்த ஊர்ச் சொந்தக்காரர் யாராவது டூர்ல இருந்தா அவர்கிட்ட நீட்டிடாதீங்க. சென்னையில இறங்கினா நம்ம 1985 போதைப்பொருள் சட்டம். பாங்காக்லேர்ந்து வர்ற கஞ்சாவைப் பிடிச்சுப் பிடிச்சு நம்ம கஸ்டம்ஸ்காரங்களுக்குக் கண்ணு பழகியிருக்கு. கிளம்பற ஊர்லயே பாக்கெட்டைப் பிரிச்சு, பூனைக் கழிவு மண்ணோட கலந்து, குப்பையில போட்டுடுங்க.